கேன்வஸ்பேக் வாத்தும் சஸ்குவெஹானா நீர்ப்புல்லும்

அமெரிக்காவின் கிழக்குக் கரையில் உள்ள செசபீக் விரிகுடாவின் வடமுனையில் சஸ்குவெஹானா ஆறு வந்து கலக்கிறது. ஆறு காலங்காலமாகக் கொண்டுவந்து தள்ளிய மண், முகத்துவாரத்தில் பல சதுர மைல் பரப்புக்கு ஆழமில்லாத மேடாகப் படிந்திருக்கிறது. மேரிலாந்து மாநிலத்தின் ஹாவர் டி கிரேஸ் ஊருக்கு எதிரே விரியும் இந்த மேட்டுக்கு சஸ்குவெஹானா ஃபிளாட்ஸ் என்று பெயர். விரிகுடாவுக்கு வந்து சேரும் நன்னீரில் ஏறத்தாழ பாதியை இந்த ஓர் ஆறே தருவதால், இங்கே கடலுப்பு எட்டுவதில்லை. வெயில் அடிவரை இறங்கும் அந்த நன்னீரில் ஒரு நீர்ப்புல் ஏக்கர் கணக்கில் வளர்ந்தது. ஊரார் அதை வைல்ட் செலரி என்பார்கள். தாவரவியலில் அது வாலிஸ்னேரியா அமெரிக்கானா. நீர்வழி மகரந்தச் சேர்க்கைக்கு எடுத்துக்காட்டாகப் பள்ளிப் பாடநூல்களில் வரும் வாலிஸ்னேரியா இதே பேரினம்தான்.

இலையுதிர் காலத்தில் இந்தப் புல்லின் நாடா போன்ற இலைகள் அழுகிப் போகும். அடுத்த ஆண்டுக்கான உயிர், மாவுச்சத்து நிறைந்த சிறு கிழங்குகளாகச் சேற்றுக்குள் புதைந்து கிடக்கும். அந்தக் கிழங்குகளைத் தேடித்தான் கேன்வஸ்பேக் வாத்துகள் வந்தன. ஆணுக்குச் செம்பழுப்புத் தலை, சிவந்த கண், கரிய மார்பு, வெண்சாம்பல் முதுகு; நெற்றியிலிருந்து அலகு நுனிவரை ஒரே சரிவாக இறங்கும் முகம். 1814-இல் வெளியான பறவை நூலில் இந்த இனத்தை அறிவியலுக்கு அறிமுகப்படுத்திய அலெக்சாண்டர் வில்சன், அது தின்னும் செடியின் பெயரையே அதற்கும் வைத்தார்.

வாத்துகளில் இரு வகை உண்டு. ஒருவகை, மிதந்தபடியே தலையைக் கவிழ்த்து, எட்டும் ஆழத்தில் மேயும். மற்றது முக்குளிக்கும் வகை. கேன்வஸ்பேக் இரண்டாவது வகை. அதன் கால்கள் உடலின் பின்புறம் தள்ளி அமைந்திருப்பதால் தரையில் நடை தள்ளாடும். நீருக்குள்ளோ அவையே துடுப்பு. கனத்த உடல், சிறிய சிறகு. எனவே நின்ற இடத்திலிருந்து எழும்பாமல், நீர்மேல் சற்றுத் தூரம் ஓடித்தான் பறக்கும். முங்கிச் சேற்றைக் கிளறிக் கிழங்கைப் பிடுங்கிக்கொண்டு மேலே வரும்போது, முங்கத் தெரியாத விஜியன் வாத்து அருகிலேயே காத்திருந்து அதைப் பறித்துக்கொண்டு போகும். இந்தத் திருட்டை வில்சன் காலத்திலிருந்தே பலரும் பார்த்து எழுதியிருக்கிறார்கள்.

கிழங்கு தின்று கொழுத்த வாத்தின் கறிக்குத் தனிச் சுவை. 19-ஆம் நூற்றாண்டில் பால்டிமோர், ஃபிலடெல்ஃபியா, நியூயார்க் நகரங்களின் பெரிய விருந்துகளில் கேன்வஸ்பேக் இல்லாத விருந்து விருந்தாகவே கருதப்படவில்லை. 1830களின் இறுதியில் ரயில் பாதை ஹாவர் டி கிரேஸ் ஊரைத் தொட்டதும், காலையில் சுட்ட வாத்து பீப்பாய்களில் அடைபட்டு நகரச் சந்தைக்கு விரைவாகப் போய்ச் சேர வழி பிறந்தது. மீன்பிடிப்பு ஓய்ந்த குளிர்காலத்தில் கரையோரக் குடும்பங்களுக்கு இதுவே பிழைப்பு ஆயிற்று.

அந்தத் தொழிலின் முக்கியக் கருவி சிங்க்பாக்ஸ். ஓர் ஆள் மல்லாந்து படுக்கும் அளவில், சவப்பெட்டி போன்ற மரப்பெட்டி. அதைச் சுற்றிலும் பலகைத் தளம். தளத்தின் ஓரங்களில் அலையைத் தணிக்கக் கித்தான் துணி போர்த்திய சட்டங்கள். தளத்தின் மேல் இரும்பில் வார்த்த பொம்மை வாத்துகளை ஒவ்வொன்றாக அடுக்கி வைப்பார்கள். அவற்றின் பாரத்தில் தளம் நீர்மட்டத்துக்கு இறங்கிவிட, படுத்திருப்பவன் நீர்மட்டத்துக்குக் கீழே மறைந்துபோவான். சுற்றிலும் நூற்றுக்கணக்கான மரப் பொம்மை வாத்துகள் நங்கூரமிட்டு மிதக்கும். வானிலிருந்து பார்க்கும் கூட்டத்துக்குத் தெரிவது நிம்மதியாக மேயும் தன் இனம் மட்டுமே. அது தாழ இறங்கும் கணத்தில் வேட்டைக்காரன் எழுந்து உட்கார்ந்து சுடுவான். விழுந்தவற்றைப் பொறுக்க, தொலைவில் துணைப் படகு நிற்கும். காற்று சற்று வலுத்தாலும் பனிநீர் பெட்டிக்குள் புகுந்துவிடும். துணைப் படகு வரத் தாமதித்தால் படுத்திருப்பவனின் உயிருக்கே ஆபத்து.

இதைவிடக் கொடியது படகுத் துப்பாக்கி. ஓர் ஆளால் தோளில் தூக்கிச் சுட முடியாத அந்தத் துப்பாக்கியைச் சிறு படகின் முனையில் கிடத்தி, இரவில் தூங்கும் கூட்டத்தை நோக்கி ஓசையின்றித் தள்ளிக்கொண்டு போவார்கள். ஒரே வெடியில் டஜன் கணக்கில் வாத்துகள் சாகும். மேரிலாந்து அரசு 1872-இல் சிங்க்பாக்ஸுக்கு உரிமக் கட்டணம் விதித்து, ஃபிளாட்ஸுக்கென்றே வாத்துக் காவலர்களையும் நியமித்தது. இரவில் சுடுவது குற்றம், குறிப்பிட்ட நாட்களில் மட்டுமே வேட்டை என்று விதிகள் வந்தன. பரந்த நீர்ப்பரப்பில் இருட்டுக்குள் போகும் சிறு படகைப் பிடிப்பது சில காவலர்களால் ஆகிற காரியமாக இல்லை.

இந்தத் தொழிலைச் சுற்றி இன்னும் சில பிழைப்புகளும் வளர்ந்தன. பனிநீரில் குதித்து வாத்தைக் கவ்வி வரும் செசபீக் பே ரெட்ரீவர் நாய், 1807-இல் மேரிலாந்துக் கரையருகே சிதைந்த கப்பலிலிருந்து காப்பாற்றப்பட்ட இரண்டு நியூஃபவுண்ட்லாந்துக் குட்டிகளின் வழியில் உருவானது என்பார்கள். பொம்மை வாத்துச் செதுக்குவதும் ஒரு கைத்தொழிலாகவே நிலைத்தது. ஹாவர் டி கிரேஸில் சவ அடக்கத் தொழில் நடத்திவந்த மேடிசன் மிச்செல், 20-ஆம் நூற்றாண்டில் அந்தக் கைத்தொழிலின் பெரிய பெயர். வேட்டைக்காக ஆயிரக்கணக்கில் செய்து, அடிபட்டுத் தேய்ந்த அந்தப் பொம்மைகளுக்காக 1986-இல் அதே ஊரில் ஓர் அருங்காட்சியகம் எழுந்தது.

வாத்துகளுக்கு வடக்கிலும் ஆபத்து இருந்தது. கேன்வஸ்பேக் முட்டையிடுவது செசபீக்கில் அல்ல. கனடாவின் மானிடோபா, சஸ்காச்சுவான், ஆல்பர்ட்டா, அமெரிக்காவின் டகோட்டா புல்வெளிகளில், பழைய பனிப்பாறைகள் விட்டுச்சென்ற எண்ணற்ற சிறு குட்டைகளில். நீருக்கு மேல் சம்பங்கோரைப் புதரில் கூடு கட்டும் இந்த வாத்துக்குக் குட்டை வற்றினால் கூடு இல்லை. கோதுமைக்காகக் குட்டைகளை வடித்ததும், 1930களின் கடும் வறட்சியும் சேர்ந்து இனப்பெருக்கத்தை முறித்தன. எல்லை கடந்து வாழும் பறவையை ஒரு மாநிலச் சட்டம் காக்க முடியாது என்பதை உணர்ந்துதான் 1916-இல் அமெரிக்காவும், கனடாவின் சார்பில் பிரிட்டனும் ஒப்பந்தம் செய்தன. அதைச் செயல்படுத்த 1918-இல் வந்த வலசைப் பறவைகள் ஒப்பந்தச் சட்டம், காட்டு வாத்துகளைச் சந்தையில் விற்பதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. 1920-இல் மிசௌரி மாநிலம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. 1934 முதல் வேட்டைக்காரர்கள் ஆண்டுதோறும் வாங்க வேண்டிய வாத்து முத்திரையின் பணம் ஈரநிலங்களுக்குப் போயிற்று. 1935-இல் சிங்க்பாக்ஸும், உயிருள்ள வாத்துகளைக் கட்டிவைத்து மற்றவற்றை வரவழைக்கும் பார்வை வாத்து முறையும், இரை தூவிச் சுடுவதும் தடைசெய்யப்பட்டன. ஒரு பெரும் வேட்டைத் தொழிலை இவ்வளவு முழுமையாக நிறுத்திய சட்டங்கள் வரலாற்றில் குறைவு. அந்த அளவில் அவை பாராட்டத்தக்கவையே.

துப்பாக்கி ஓய்ந்தது. வாத்து பிழைத்தது. 1950களில் செசபீக்கில் ஏறத்தாழ 2,50,000 கேன்வஸ்பேக்குகள் குளிர்காலம் கழித்தன. அவற்றைக் குறைத்தது அதற்குப் பிறகு வந்த ஒன்று. அது வேட்டைச் சட்டத்தின் எல்லைக்குள் வராதது.

சஸ்குவெஹானாவின் வடிநிலம் நியூயார்க், பென்சில்வேனியா, மேரிலாந்து என மூன்று மாநிலங்களில் பரந்தது. அங்கே காடு வெட்டியதும், உழுததும், நிலக்கரி தோண்டியதும், கழிவுநீர் விட்டதும் எல்லாமே ஒரே ஆற்றில் இறங்கின. 1928-இல் முகத்துவாரத்துக்குச் சற்று மேலே எழுந்த கொனோவிங்கோ அணை வண்டலில் ஒரு பகுதியைத் தடுத்தது. உரச்சத்தைத் தடுக்க அதனால் இயலவில்லை. நைட்ரஜனும் பாஸ்பரஸும் மிகுந்த நீரில் நுண்பாசி பெருகும். பாசியும் சேறும் வெளிச்சத்தை மறைக்கும். வெளிச்சம் இல்லாவிட்டால் நீர்ப்புல்லுக்கு வாழ்வு இல்லை. 1950களின் இறுதியில் யூரேசிய மில்ஃபாயில் என்ற அந்நியக் களை ஃபிளாட்ஸை மூடிப் படர்ந்து, சில ஆண்டுகளில் தானும் அழிந்தது. எஞ்சிய நாட்டுப் புற்களை 1972 ஜூனில் ஆக்னஸ் புயல் முடித்துவைத்தது. அணையின் மதகுகள் அனைத்தும் திறக்கப்பட்டு, வெள்ளம் ஆண்டுக்கணக்கிலான வண்டலைச் சில நாட்களில் கொண்டுவந்து கொட்டிற்று. புல் வளர்ந்துகொண்டிருந்த பருவம் அது. அடுத்த ஆண்டுக்கான கிழங்குகள் இன்னும் உருவாகியிருக்கவில்லை.

இந்த இடத்தில் இரண்டு நெருங்கிய உறவினங்களின் கதை பிரிகிறது. நீர்த்தாவரங்களையே நம்பிய செந்தலை ரெட்ஹெட் வாத்து, செசபீக்கைப் பெரும்பாலும் கைவிட்டுத் தெற்கே போய்விட்டது. கேன்வஸ்பேக் உணவை மாற்றிக்கொண்டது. சேற்றில் கிடைக்கும் பால்டிக் மட்டி என்ற சிறு மட்டியைத் தின்று குளிர்காலத்தைக் கழிக்கப் பழகியது. அந்த வாத்தின் கறியில் பழைய சுவை இல்லை என்று வேட்டைக்காரர்கள் சொன்னார்கள். ஒருகாலத்தில் நாட்டையே மயக்கிய சுவை வாத்தினுடையது அல்ல, புல்லினுடையது என்பது அப்போதுதான் வெளிப்பட்டது. மட்டியை நம்பி எல்லாக் கேன்வஸ்பேக்கும் தங்கிவிடவில்லை. 1980களில் விரிகுடாவில் அவற்றின் எண்ணிக்கை 50,000 அளவுக்கு இறங்கியது. பல பருவங்களில் இந்த இனத்தைச் சுடுவதற்கே தடை இருந்தது.

1972-இன் தூய நீர்ச் சட்டத்துக்குப் பின் கழிவுநீர் நிலையங்கள் மேம்பட்டன. 1983-இல் மாநிலங்களும் மத்திய அரசும் செசபீக் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. 1985-இல் மேரிலாந்து, பாஸ்பேட் கலந்த சலவைத்தூளைத் தடைசெய்தது. பலன் மெதுவாகவே தெரிந்தது. 1999-க்குப் பிந்தைய வறட்சி ஆண்டுகளில் ஆறு மெலிந்து நீர் தெளிந்தபோது, ஃபிளாட்ஸில் வைல்ட் செலரியும் பிற புற்களும் சட்டென்று பரவி, பல ஆயிரம் ஏக்கர் படுகையாயின. 2011 செப்டம்பரில் லீ என்ற வெப்பமண்டலப் புயல் ஆக்னஸைப் போலவே வெள்ளத்தையும் சேற்றையும் கொண்டுவந்தது. இம்முறை படுகையின் ஓரங்கள் அழிந்தன, நடுப்பகுதி தாங்கியது. அடர்ந்த புல் நீரோட்டத்தின் வேகத்தைக் குறைத்ததும், பருவம் முடியும் தறுவாயில் கிழங்குகள் மண்ணுக்குள் சேர்ந்திருந்ததும் அதற்குக் காரணம். புல் மீண்ட வேகத்தில் வாத்துகள் மீளவில்லை. குளிர்காலத்தில் செசபீக்கில் இறங்கும் கேன்வஸ்பேக்குகளின் எண்ணிக்கை 1950களின் அளவை எட்டியதில்லை. வரும் கூட்டங்களும் மட்டியை இன்னும் விட்டுவிடவில்லை.