பரமபதத்தில் பாம்பு எதற்கு?

திருவனந்தபுரத்தில் ‘சுவர்க்கவாதில் ஏகாதசி’ என்பார்கள். நமக்கு அது வைகுண்ட ஏகாதசி. பகலில் பத்மநாபசுவாமி தரிசனம், இரவில் கண்விழிப்பு. தூக்கம் வராமலிருக்க எங்கள் வீட்டுப் பெரியவர்கள் எடுப்பது பரமபத சோபான படம். ஒரே தாள், நூற்றுச் சொச்சம் கட்டம். அதை வைத்துக்கொண்டு இரவையே ஓட்டிவிடுவார்கள்! எப்படி?

முதல் தடை தாயம். தாயம் விழாமல் காய் இறங்காது. பித்தளைக் கட்டை இரண்டு. ஒவ்வொன்றிலும் வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று என நான்கு முகம். பதினாறு வகையில் விழலாம். அதில் தாயம் இரண்டே வகை. ஆக, இறங்குவதற்கே சராசரி 8 உருட்டல். பிறகு பாம்பு. உச்சிக்குப் பக்கத்தில் பெரிய பாம்பு கடித்தால் மறுபடியும் அடியிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வாட்டம் இங்கிலாந்து போயிற்று. பின்னர் அமெரிக்காவில் விற்ற நூறு கட்டப் பலகையை ஆல்தோயன், கிங், ஷில்லிங் என்ற மூவர் 1993-ல் கணக்கிட்டனர். ஒருவர் முடிக்க சராசரி 39 உருட்டல். மிகக் குறைந்தது 7. இதில் ஒரு வேடிக்கை. 79-லிருந்து 81-க்கு ஒரு சின்ன ஏணி சேர்த்தால் ஆட்டம் இரண்டு உருட்டலுக்கு மேல் நீளுமாம். காரணம், 80-ல் நேரே நூறுக்குப் போகும் ஏணியை அது தாண்டவைத்துவிடுகிறது. அதேபோல 29-லிருந்து 27-க்கு ஒரு பாம்பு வைத்தால் ஆட்டம் குறைகிறது. 28-ல் உள்ள நீண்ட ஏணியைப் பிடிக்க மறுவாய்ப்பு கிடைக்கிறதே!

வீடியோ கேமிலும் இதே கணக்குதான். நாணயம் போட்டு ஆடும் கடைப்பெட்டியில் கஷ்டம் ஆட்டத்தைச் சுருக்கியது. சீக்கிரம் தோற்றால்தான் அடுத்த நாணயம் விழும். வீட்டுக்கு வந்த கேசட்டில் அதே கஷ்டம் ஆட்டத்தை நீட்டியது. 1985-ல் வந்த ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ்’ வெறும் 40 கிலோபைட், 32 நிலைகள். குறுக்குவழி தெரிந்த கைதேர்ந்தவர்கள் ஐந்து நிமிடத்துக்குள் முடித்துவிடுகிறார்கள். நம் பிள்ளைகளுக்கு அது ஒரு கோடை விடுமுறை முழுக்க வந்தது. உயிர் மூன்றும் போனால் முதலிலிருந்து ஆட வேண்டும், அவ்வளவுதான் ரகசியம்.

பரமபதத்தில் விற்பனைக் கணக்கு ஏதுமில்லை. விடியும்வரை விழித்திருக்க வேண்டும், அதற்கே பாம்பு. துவாதசிப் பாரணைக்குக் கூப்பிடும்போது பாதிக் காய்கள் இன்னும் கீழ்க்கட்டங்களில்தான் நிற்கும். பாட்டிமார் தாளைச் சுருட்டி வைத்துவிட்டுக் குளிக்கப் போவார்கள்.