யார் இந்த சாமுவேல் நாப்ரிட்? மாணவர்களை நீக்க மறுத்த உயிரியல் பேராசிரியரின் கதை

1960 மார்ச் 4. அமெரிக்காவின் டெக்சாஸ் மாகாணத்தில் இருக்கும் ஹூஸ்டன் நகரம். டெக்சாஸ் சதர்ன் பல்கலைக்கழக மாணவர்கள் 13 பேர் வளாகத்தில் இருந்து நடந்தே கிளம்பினார்கள். வெய்ன்கார்ட்டன்ஸ் என்ற சூப்பர் மார்க்கெட்டுக்குள் நுழைந்து, அங்கிருந்த லஞ்ச் கவுன்ட்டரில் உட்கார்ந்தார்கள். அவ்வளவுதான். கவுன்ட்டர் உடனே மூடப்பட்டது.

காரணம், அவர்கள் கறுப்பினத்தவர்கள். அந்தக் கடையில் கறுப்பினத்தவர் காசு கொடுத்துப் பொருள் வாங்கலாம். ஆனா, உட்கார்ந்து சாப்பிட மட்டும் அனுமதி இல்லை.

ஹூஸ்டனில் நடந்த முதல் உள்ளிருப்புப் போராட்டம் இது. அப்போது அந்த மாணவர்களின் பல்கலைக்கழகத் தலைவராக இருந்தவர் சாமுவேல் மில்டன் நாப்ரிட். நம்ம ஊர் துணைவேந்தருக்கு இணையான பதவி அது. அடிப்படையில் அவர் ஒரு உயிரியல் பேராசிரியர்.

மீன் வாலில் தொடங்கிய ஆராய்ச்சி

1905 பிப்ரவரி 21-ல் ஜார்ஜியா மாகாணத்தின் மேக்கன் நகரில் பிறந்தார் நாப்ரிட். அப்பா பாதிரியார், ஆசிரியரும்கூட. 1925-ல் அட்லாண்டாவில் உள்ள மோர்ஹவுஸ் கல்லூரியில் பட்டம் முடித்தவர், அங்கேயே உயிரியல் ஆசிரியராகவும் சேர்ந்தார்.

வேலை பார்த்துக்கொண்டே பிரவுன் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்பு. கோடை விடுமுறை வந்தால் மாசசூசெட்ஸில் உள்ள வுட்ஸ் ஹோல் கடல் உயிரியல் ஆய்வகத்துக்குப் போய்விடுவார். அங்கே அவர் தேடிய கேள்வி இதுதான்: மீனின் வால் துடுப்பை வெட்டினால் அது மறுபடி வளர்கிறதே, எப்படி? துடுப்பைத் தாங்கும் மெல்லிய முட்களின் அளவைப் பொறுத்தே வளரும் வேகம் அமைகிறது என்பது அவரது ஆய்வின் முடிவு.

1932-ல் முனைவர் பட்டம் கிடைத்தது. பிரவுன் பல்கலைக்கழகத்தில் அந்தப் பட்டம் பெற்ற முதல் கறுப்பின அமெரிக்கர் இவர்தான். அதன்பிறகு 1955 வரை அட்லாண்டா பல்கலைக்கழகத்தில் பணி. உயிரியல் துறைத் தலைவராக இருந்து, பிறகு முதுநிலைப் படிப்புகளுக்கான டீன் ஆனார்.

ஒரு விண்ணப்பத்தால் உருவான பல்கலைக்கழகம்

1955-ல் டெக்சாஸ் சதர்ன் பல்கலைக்கழகத்தின் தலைவராகப் பொறுப்பேற்றார். அந்தப் பல்கலைக்கழகம் உருவானதே ஒரு தனிக்கதை.

1946-ல் ஹெமன் ஸ்வெட் என்ற கறுப்பினத்தவர் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்க விண்ணப்பித்தார். இனத்தைக் காரணம் காட்டி இடம் மறுத்தார்கள். அவர் கோர்ட்டுக்குப் போனார். அவரைச் சேர்க்காமல் சமாளிக்க மாகாண அரசு ஒரு வழி கண்டுபிடித்தது. கறுப்பினத்தவருக்கு என்றே தனியாக ஒரு பல்கலைக்கழகம்! 1947-ல் தொடங்கப்பட்ட அந்தக் கல்வி நிலையம்தான் பின்னாளில் டெக்சாஸ் சதர்ன் என்று பெயர் மாறியது. (ஸ்வெட் 1950-ல் உச்ச நீதிமன்றத்தில் வென்றார்.)

அதாவது, பிரித்து வைக்கவே அரசு கட்டிய இடத்தில் இருந்துதான், பிரிவினையை எதிர்த்து மாணவர்கள் கிளம்பினார்கள்.

ஏன் இது ஆபத்தான முடிவு?

அரசு பணத்தில் நடக்கும் பல்கலைக்கழகம் என்றால் கயிறு அரசின் கையில். அது எப்படி இழுக்கப்படும் என்பதற்கு உதாரணம் அப்போதே இருந்தது. அலபாமா மாகாணத்தில் 1960 பிப்ரவரியில் இதேபோல் போராடிய அலபாமா ஸ்டேட் கல்லூரி மாணவர்கள் 9 பேர், ஆளுநரின் நெருக்கடியால் நீக்கப்பட்டிருந்தார்கள்.

ஹூஸ்டனிலும் பதற்றம் கூடியது. மார்ச் 7-ம் தேதி முகமூடி அணிந்த வெள்ளையினத்தவர்கள் ஒரு கறுப்பின இளைஞரைக் கடத்தி அடித்தார்கள். கு க்ளக்ஸ் கிளான் என்ற நிறவெறி அமைப்பின் பெயரின் முதல் எழுத்துகளை அவர் மார்பில் கீறினார்கள்.

இந்தச் சூழலில் நாப்ரிட் முன் இருந்த வழிகள் இரண்டு. மாணவர்களை நீக்கிவிட்டு நாற்காலியைக் காப்பாற்றலாம். இல்லை, அவர்கள் பக்கம் நிற்கலாம். அவர் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். தான் தலைவராக இருக்கும்வரை, சிவில் உரிமைப் போராட்டத்துக்காக ஒரு மாணவர்கூட நீக்கப்பட மாட்டார் என்று அறிவித்தார்.

படிப்பு போய்விடும் என்ற பயம் நீங்கியது. போராட்டம் மற்ற கடைகளுக்கும் பரவியது.

செய்தியே வராத வெற்றி

அடுத்து நடந்தது இன்னும் விசித்திரம். நகரின் கறுப்பின, வெள்ளையினப் பிரமுகர்கள் திரைமறைவில் பேசினார்கள். 1960 ஆகஸ்ட் 25-ல் சுமார் 70 லஞ்ச் கவுன்ட்டர்கள் சத்தமில்லாமல் கறுப்பினத்தவருக்குத் திறக்கப்பட்டன.

ஆனா, உள்ளூர் பத்திரிகை, வானொலி, டிவி எதிலும் ஒரு வரி வரவில்லை. செய்தி வெளியானால் கலவரம் வெடிக்கும் என்று சொல்லி, சில நாட்கள் மௌனம் காக்க முன்கூட்டியே ஒப்புக்கொண்டிருந்தார்கள். கலவரம் நடக்கவில்லை. அதேசமயம், மாணவர்கள் ஜெயித்தது அன்று ஊருக்கே தெரியவில்லை.

நாப்ரிட் வகித்த மற்ற பொறுப்புகள்

• 1956: அதிபர் ஐசனோவர் இவரை தேசிய அறிவியல் வாரியத்தில் நியமித்தார்.

• 1966: அதிபர் லிண்டன் ஜான்சன் அணுசக்தி ஆணையத்தின் உறுப்பினராக நியமித்தார். அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் கறுப்பினத்தவர் இவரே. பல்கலைக்கழகத் தலைவர் பதவியில் இருந்து விலகியதும் அந்த ஆண்டில்தான்.

• 1967: பிரவுன் பல்கலைக்கழகத்தின் முதல் கறுப்பின அறங்காவலர் ஆனார்.

• 1967 முதல் 1981 வரை: சதர்ன் ஃபெலோஷிப்ஸ் ஃபண்ட் அமைப்பின் இயக்குநர். கறுப்பினத்தவர்கள் முனைவர் பட்டம் படிக்க உதவித்தொகை தந்த அமைப்பு இது.

2003 டிசம்பர் 30-ல் அட்லாண்டாவில் காலமானார் நாப்ரிட். வயது 98. பிரவுன் பல்கலைக்கழகத்தின் கறுப்பின முதுநிலை மாணவர் சங்கம் இவர் பெயரில் இயங்குகிறது.

வெய்ன்கார்ட்டன்ஸ் சூப்பர் மார்க்கெட் இப்போது இல்லை. ஹூஸ்டனின் அல்மேடா சாலையில் அது இருந்த இடத்துக்குப் போனால், ஒரு நினைவுப் பலகையைப் பார்க்கலாம். நடந்து வந்த அந்த 13 மாணவர்களைப் பற்றி அதில் எழுதியிருக்கிறது.