தகரத் தட்டும் சங்கிலிக் கூடையும்

கோல்ஃப் விளையாட்டை எங்கள் தலைமுறையினரிற் பெரும்பாலோர் வேலிக்கு வெளியே நின்று பார்த்தவர்கள். கொழும்பில் 1879 ஆம் ஆண்டிலும் நுவரெலியாவில் 1889 ஆம் ஆண்டிலும் பிரித்தானியர் தமக்கென அமைத்துக்கொண்ட கோல்ஃப் கழகங்கள் இன்றும் இயங்குகின்றன. நுவரெலியாவில் அந்தப் புல்வெளி நகரின் நடுவிலேயே கிடக்கிறது. பேருந்தில் போகிறவர் எவரும் அதைப் பார்க்கலாம். உள்ளே சென்று ஆடுவதற்குத்தான் பணம் வேண்டும்.

அதே கோல்ஃபின் விதிகளை இரவல் வாங்கி, மட்டையையும் பந்தையும் சீராக வெட்டிய புல்லையும் கைவிட்டு, பொதுப் பூங்காவின் மரங்களுக்கு இடையே ஆடப்படும் விளையாட்டு ஒன்று கடந்த அரை நூற்றாண்டில் வளர்ந்திருக்கிறது. அதன் பெயர் டிஸ்க் கோல்ஃப். உலகில் இன்று 10,000 இற்கும் அதிகமான திடல்கள் அதற்கு உண்டு. அவற்றிற் பெரும்பாலானவை பொது நிலங்களில் அமைந்தவை. ஆடுவதற்குக் கட்டணம் இல்லாதவை. தமிழில் இதன் வரலாற்றை எவரும் விரிவாக எழுதி நான் படித்ததில்லை. அதனாலேயே இக்கட்டுரை.

முதலில் விளையாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எறிவது ஒரு பிளாஸ்டிக் தட்டு. பாடசாலை விளையாட்டுப் போட்டிகளில் நாம் எறிந்த பாரமான பரிதிவட்டம் அன்று. பெரும்பாலும் 150 முதல் 180 கிராம் வரை நிறையுடையது, ஏறத்தாழ 21 சென்ரிமீற்றர் விட்டமுடையது. தொடக்க மேடையில் நின்று எறிந்து, அது விழுந்த இடத்துக்கு நடந்து சென்று, அங்கிருந்து மீண்டும் எறிய வேண்டும். இறுதியில் ஒரு கம்பத்தில் தொங்கும் சங்கிலிகளில் மோதி, அவற்றின் கீழுள்ள கூடைக்குள் தட்டு விழவேண்டும். இப்படிப் பெரும்பாலும் 18 கூடைகள். குறைந்த எறிகளில் முடித்தவர் வென்றவர். கோல்ஃபில் மணற்குழியும் நீர்நிலையும் செய்யும் வேலையை இங்கே மரங்கள் செய்கின்றன.

இந்தத் தட்டின் மூலம் ஒரு பலகாரக் கடையில் இருக்கிறது. அமெரிக்காவின் கனெக்ரிகட் மாநிலத்தில், பிறிட்ஜ்போர்ட் நகரில், 1871 இல் வில்லியம் ஃபிறிஸ்பி என்பவர் ‘பை’ எனப்படும் பழப் பலகாரம் செய்து விற்கும் பேக்கரியைத் தொடங்கினார். அந்தப் பலகாரம் தகரத் தட்டில் வரும். தின்று முடித்த மாணவர்கள் வெறுந்தட்டை ஒருவருக்கொருவர் வீசி விளையாடினர் என்பதும், யேல் பல்கலைக்கழகத்தில் அது பெரும் பொழுதுபோக்காக இருந்தது என்பதும் பலரும் சொல்லும் கதை. கனடாவின் சஸ்கச்சுவான் மாகாணத்திலுள்ள பிளாட்வேர்த் என்னும் சிற்றூரில் 1926 இல் சிறுவர்கள் சிலர் தகர மூடிகளை எறிந்து, தரையில் வரைந்த நான்கடி அகல வட்டங்களில் விழுத்தி, அதற்குத் ‘தகரமூடி கோல்ஃப்’ என்று பெயரும் வைத்தனர். எமது சிறுவர்கள் ஒரு தடியையும் ஒரு துண்டு மரத்தையும் வைத்துக் கிட்டிப்புள் ஆடியதைப் போன்றதுதான் இதுவும். கையிற் கிடைத்தது விளையாட்டுப் பொருளாயிற்று. வளர்ந்தபின் அவர்கள் அதை விட்டுவிட்டார்கள்.

கழிபொருளை விலைப்பொருளாக்கியவர் பிறெட் மொறிசன். 1938 இல் கலிபோர்னியக் கடற்கரையில் தன் காதலியுடன் கேக் தட்டொன்றை எறிந்து விளையாடிக்கொண்டிருந்தபோது, வழியிற் போன ஒருவர் அதை 25 சதத்துக்குக் கேட்டாராம். கடையில் அதன் விலை 5 சதம். இதைவிட வேறு கணக்கு ஒரு வியாபாரிக்குத் தேவையில்லை. இரண்டாம் உலகப் போரில் விமானியாகப் பறந்து, போர்க்கைதியாகவும் இருந்து திரும்பிய மொறிசன், 1948 இல் பங்காளி ஒருவருடன் சேர்ந்து பிளாஸ்டிக் தட்டு செய்தார். அதைத் திருத்தி 1955 இல் செய்த தட்டின் உரிமையை 1957 ஜனவரியில் வம்-ஓ என்னும் விளையாட்டுப் பொருள் நிறுவனத்துக்கு விற்றார். அந்த நிறுவனமே அதற்கு ஃபிறிஸ்பீ என்று பெயர் சூட்டியது. மறு ஆண்டே பிறிட்ஜ்போர்ட் பேக்கரி மூடப்பட்டது. பெயர் மட்டும் பறந்துகொண்டிருந்தது.

இனி இக்கதையின் நாயகர். எட் ஹெட்றிக் 1964 இல் வம்-ஓ நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். ஹுலா ஹூப் வளையத்தின் மோகம் அதற்குள் தணிந்திருந்தது. ஃபிறிஸ்பீயோ கடற்கரையில் இரண்டு வாரம் விளையாடி மூலையிற் போடும் பொருளாகவே இருந்தது. ஹெட்றிக் தட்டின் மேற்புறத்தில், விளிம்பை அண்டி, ஒன்றுக்குள் ஒன்றாக வட்ட வரம்புகளை அமைத்தார். தட்டு தள்ளாடாமற் பறந்தது. 1967 இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. அதே ஆண்டில் சர்வதேச ஃபிறிஸ்பீ சங்கத்தையும் அவர் தொடக்கினார்.

அவர் ஒரு விற்பனையாளர் என்பதை மறைக்கத் தேவையில்லை. தட்டு விற்கவேண்டுமானால் தட்டுக்கு வேலை வேண்டும். வேலை வேண்டுமானால் விளையாட்டு வேண்டும். அவர் மனதில் ஓடிய தர்க்கம் அதுதான். மரத்தையும் மின்கம்பத்தையும் குப்பைத் தொட்டியையும் இலக்காக வைத்துத் தட்டெறியும் கோல்ஃபை அவர் ஒருவரே கண்டுபிடித்தார் என்று சொல்லவும் இயலாது. கலிபோர்னியாவில் 1960களிலேயே சிறுவர் பொழுதுபோக்கு நிலையங்களில் அது ஆடப்பட்டது. நியூயோர்க் மாநிலத்தின் ரொச்செஸ்ரர் நகரில் 1970 முதல் ஒரு குழுவினர் ஒழுங்காக ஆடிவந்தனர். 1974 இல் ஒரு போட்டி நடத்தி, வென்றவருக்குப் புத்தம்புதிய டட்சன் காரொன்றைப் பரிசாகக் கொடுத்தனர். தகர மூடி எறிந்த பிள்ளைகளுக்குப் பிறகு 48 ஆண்டுகள்.

ஹெட்றிக் செய்தது வேறு. அவர் விளையாட்டுக்கு ஓர் இடம் தேடினார். 1975 இல் லொஸ் ஏஞ்சல்ஸ் மாவட்டத்தின் ஓக் குறோவ் பூங்காவில், உயர்ந்த ஓக் மரங்களுக்கு இடையே, உலகின் முதலாவது நிரந்தர டிஸ்க் கோல்ஃப் திடல் அமைந்தது. முதலில் நட்டவை வெறும் கம்பங்கள். தட்டு கம்பத்திற் பட்டதா இல்லையா என்று ஆடுவோர் ஒவ்வொரு தடவையும் வாதாடினர். அந்த வாதத்தை ஒழிப்பதற்காகவே ஹெட்றிக்கும் அவருடைய மகனும் சங்கிலியும் கூடையும் கொண்ட கம்பத்தைச் செய்தார்கள். சங்கிலி தட்டின் வேகத்தை விழுங்கிவிடும். கூடை சாட்சி சொல்லும். 1976 இல் தொழில்முறை டிஸ்க் கோல்ஃப் சங்கம் பிறந்தது. அதன் முதலாம் இலக்க உறுப்பினர் ஹெட்றிக். 1977 இல் கூடைக்குக் காப்புரிமை பெற்றார்.

ஓக் குறோவ் இருக்கும் இடத்தைச் சற்று நின்று பார்க்கவேண்டும். அறோயோ செக்கோ என்னும் ஓடையின் கரை அது. ஸ்பானிய மொழியில் ‘வறண்ட ஓடை’ என்று பொருள். ஆனால் மலையில் மழை கொட்டினால் வெள்ளம் பாயும். அதைத் தடுப்பதற்காகவே 1920 இல் அங்கே டெவில்ஸ் கேற் அணை கட்டப்பட்டது. வெள்ளம் தேங்கும் நிலத்தில் வீடு கட்ட இயலாது. ஆகவே அணைக்கு மேலுள்ள படுகை கட்டடங்களின்றி எஞ்சியது. ஊருக்குள் நெருப்போடு விளையாட இடமில்லாத சில இளைஞர்கள் 1936 ஒக்டோபர் 31 இல் றொக்கெற் இயந்திரத்தைப் பரிசோதித்ததும் இதே படுகையிற்றான். அந்த முயற்சி வளர்ந்து, பூங்காவுக்கு அயலிலுள்ள ஜெற் உந்துவிசை ஆய்வுகூடமாயிற்று. அங்கே உருவாக்கப்பட்ட வொயேஜர் 2 விண்கலம் 1977 ஓகஸ்டில், மனித குலத்தின் குரல்களைப் பதிந்த பொன்முலாம் பூசிய தட்டொன்றைச் சுமந்துகொண்டு கிளம்பியது. கூடைக்குக் காப்புரிமை கிடைத்ததும் அதே ஆண்டு. ஒரே ஓடைக்கரையிலிருந்து இருவகைத் தட்டுகள் பறந்தன என்று எண்ணி நான் சிரித்ததுண்டு. இரண்டுக்கும் தொடர்பேதும் இல்லை. அண்டை வீட்டுக்காரர்கள், அவ்வளவே.

பூங்கா இப்போது ஹஹமொங்னா என்ற பெயரால் அழைக்கப்படுகிறது. அப்பகுதியின் ஆதிக்குடிகளான தொங்வா மக்களின் மொழியில் வழங்கிய பெயர் அது.

வெள்ளம் விட்டுவைத்த நிலத்தில் விளையாட்டு குடியேறிய இதே கதையை எம்மவர் பெருந்தொகையாக வாழும் ரொறன்ரோவிலும் கண்டேன். 1954 ஒக்டோபர் 15 இரவு ஹேசல் சூறாவளி ஒன்ராறியோவைத் தாக்கியது. 81 பேர் மாண்டனர். ஹம்பர் ஆற்றங்கரையில் ரேமோர் டிறைவ் என்னும் ஒரே தெருவில் மட்டும் 35 பேர். அதன்பின் ஆற்றுப் பள்ளத்தாக்குகளிற் குடியிருப்பு கூடாதென முடிவாயிற்று. 1957 இல் அமைக்கப்பட்ட பாதுகாப்பு அதிகாரசபை பள்ளத்தாக்கு நிலங்களை வாங்கியது. பல இடங்கள் பூங்காக்களாயின. அக்காலத்துப் பூங்கா ஆணையாளர் ரொமி தொம்சன் ‘தயவுசெய்து புல்லின்மேல் நடக்கவும்’ என்று பலகை நாட்டியவர். எங்கள் நகரப் பூங்காக்களிற் பார்த்த பலகைகள் யாவும் இதற்கு நேரெதிரானவை.

டொன் ஆற்றின் மேற்குக் கிளையை ஒட்டிய இ. ரி. சீற்றன் பூங்காவிலே ஒரு டிஸ்க் கோல்ஃப் திடல் இருக்கிறது. அப்பள்ளத்தாக்கிற் சிறுவனாக அலைந்து, பின்னர் 1898 இல் காட்டுயிர்க் கதைகளால் உலகப் புகழ்பெற்ற எர்னெஸ்ற் தொம்சன் சீற்றனின் பெயர் கொண்ட பூங்கா. சில ஆண்டுகளுக்கு முன் என் பெறாமகன் என்னை அங்கே அழைத்துச் சென்றான். நான் கையில் வாங்கிய முதல் தட்டின் விளிம்பு கத்திபோலச் சரிவாக இருந்தது. 1983 இல் டேவ் டுனிபேஸ் என்பவர் செய்த மாற்றம் அது. அதற்குமுன் ஃபிறிஸ்பீயின் தடித்த விளிம்பு காற்றோடு மல்லுக்கட்டியது. அதன்பின் தட்டு காற்றை வெட்டிக்கொண்டு போயிற்று. தூரமும் வேகமும் கூடின. சுழற்சி தளரும்போது, வலக்கைக்காரர் புறங்கையால் எறிந்த தட்டு இடப்பக்கம் சரியும். அந்தச் சரிவை முன்கூட்டியே கணித்து மரங்களுக்கிடையே எறிவதுதான் வித்தை.

“மரத்தைப் பாக்காதேங்கோ பெரியப்பா, இடைவெளியைப் பாருங்கோ” என்றான் பிள்ளை. நான் இடைவெளியைத்தான் பார்த்தேன். தட்டு மரத்தைப் பார்த்துவிட்டது.

விளையாட்டைவிட என்னைக் கவர்ந்தது வேறொன்று. பாதையில் ஒரு முதிய தம்பதியர் மெல்ல நடந்து வந்தார்கள். எறிவதற்குக் கையோங்கிய இளைஞர்கள் தட்டைத் தாழ்த்திக்கொண்டு, அவர்கள் கடந்துபோகும் வரை பேசாமல் நின்றார்கள். கோல்ஃப் கழகத்தில் நடப்பவருக்கு இடமில்லை. இங்கே நடப்பவருக்கே முதலிடம். ஆடுபவர் காத்திருக்க வேண்டும்.

ஆயினும் இந்தப் பகிர்வு சிக்கலற்றதென்று எழுதினால் அது அரைச் செய்தியாகிவிடும். ஆண்டு முழுவதும் ஆயிரக்கணக்கான தட்டுகள் மோதினால் மரப்பட்டை உரிகிறது. ஆயிரக்கணக்கான கால்கள் மிதித்தால் மண் இறுகுகிறது. வேருக்கு நீரும் காற்றும் குறைகின்றன. சரிவில் மண் கரைகிறது. ரெக்சஸ் மாநிலத்தின் ஒஸ்ரின் நகரில் பீஸ் பூங்காவிலிருந்த திடல் மிகவும் விரும்பப்பட்ட ஒன்று. இலவசம், நகர நடுவம், மர நிழல். கூட்டம் பெருகிற்று, ஓடைக்கரை தேய்ந்தது. 2011 இல் அதை மூடிவிட்டு வேறொரு பூங்காவில் திடல் அமைத்தார்கள். ஆடுவோருக்குப் பெரும் மனத்தாங்கல். மரங்களின் பக்கம் நின்றவர்களையும் நான் குறை கூறமாட்டேன். கூடைகளை அவ்வப்போது இடம்மாற்றுவது, நடைவழியில் மரச்சீவலைப் பரப்புவது, தொடக்க மேடையருகிலுள்ள மரங்களுக்குக் காப்புக் கட்டுவது என்று பல இடங்களில் இப்போது செய்கிறார்கள். இவற்றைப் பெரும்பாலும் செய்பவர்கள் சம்பளம் வாங்காத ஆட்டக்காரர்களே. நுழைவுக் கட்டணம் இல்லாத இடத்தில் பராமரிப்புக்கான பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு இதுவரை கிடைத்துள்ள பதில் அவர்களுடைய வார இறுதிகள்தான்.

2020 இன் பெருந்தொற்றுக் காலத்தில், உள்ளரங்குகள் பூட்டப்பட்டபோது, இந்த விளையாட்டுக்குப் புதியவர்கள் திரண்டனர். 2021 இல் போல் மக்பெத் என்ற வீரர் தட்டு நிறுவனமொன்றுடன் 10 ஆண்டுகளுக்கு 1 கோடி டொலர் ஒப்பந்தம் செய்தார். எஸ்ரோனியாவின் கிறிஸ்ரின் ரற்றார் 2022 இலும் 2023 இலும் மகளிர் உலகப் பட்டத்தை வென்றார். தனியார் நிலங்களில் கட்டணத் திடல்களும் பெருகி வருகின்றன. அவை மோசமானவை அல்ல. பல மிக அழகானவை. ஆனால் பணம் செலுத்தி ஆட ஒரு கோல்ஃப் ஏற்கனவே இருக்கிறதே என்ற எண்ணம் எனக்கு எழாமலில்லை.

ஹெட்றிக் 1980களின் தொடக்கத்தில் தாம் அமைத்த சங்கத்தை ஆட்டக்காரர்களிடமே ஒப்படைத்தார். 2002 ஓகஸ்ட் 12 இல், 78 ஆவது வயதில் காலமானார். அவருடைய விருப்பப்படி, உடலை எரித்த சாம்பலைப் பிளாஸ்டிக்குடன் கலந்து தட்டுகள் வார்த்து, உறவினர்க்கும் நண்பர்க்கும் கொடுத்தார்கள். ஓக் குறோவ் திடலில் இன்றும் ஆடுகிறார்கள்.