‘ரெவல்யூஷன்’: ஒரு சுற்று எப்படிப் புரட்சியானது?

அறிவியல் பாடத்தில் ‘பூமியின் ரெவல்யூஷன்’ வருகிறது. அடுத்த பாடவேளை வரலாறு. அங்கே ‘பிரெஞ்சு ரெவல்யூஷன்’. ஒரே சொல்தான். ஆனால் தமிழில் எழுத உட்காரும்போது முதலாவதைச் சுற்று என்கிறோம், இரண்டாவதைப் புரட்சி என்கிறோம். ஏன் என்று ஒரு மாணவர் கேட்டால், ‘இடத்துக்கு இடம் பொருள் மாறும்ப்பா’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். அது பொய்யில்லை. ஆனால் அந்தப் பொருள் எப்போது, எதனால் மாறியது என்று தேடினால் ஐரோப்பிய வரலாற்றின் முக்கியமான ஒரு பகுதியே அதற்குள் இருக்கிறது.

லத்தீனில் ‘வோல்வெரே’ என்றால் உருட்டுதல். முன்னால் உள்ள ‘ரெ’ என்பது திரும்பவும், பின்னோக்கி என்ற பொருள் தரும். ஆக, ரெவல்யூஷன் என்றால் உருண்டு போய்த் திரும்பவும் புறப்பட்ட இடத்துக்கே வருவது. சிங்கப்பூர் ஃப்ளையர் ராட்டினத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 165 மீட்டர் உயரம் வரை போகிறோம், ஊரையே பார்க்கிறோம், கடைசியில் ஏறிய மேடையிலேயே இறங்குகிறோம். பழைய ரெவல்யூஷன் அவ்வளவுதான். 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தச் சொல் ஆங்கிலத்துக்கு வந்தபோது அது வான்பொருள்களின் சுற்றைத்தான் குறித்தது.

1543இல் கோபர்னிக்கஸின் நூல் நியூரம்பெர்க் நகரில் அச்சானது. அதன் லத்தீன் தலைப்பிலேயே இந்தச் சொல் இருக்கிறது. ‘வானகோளங்களின் சுற்றுகள் பற்றி’ என்று தமிழில் சொல்லலாம். பூமி நடுவில் நிற்கவில்லை, அதுவும் சூரியனைச் சுற்றும் கோள்களில் ஒன்று என்றது அந்த நூல். இன்று அதைக் ‘கோபர்னிக்கஸ் புரட்சி’ என்கிறோம். அவர் தலைப்பில் வைத்த சொல்லுக்கு அந்தப் பொருளே அப்போது கிடையாது.

வானத்தில் இருந்த இந்தச் சொல் அரசியலுக்கு வந்த கதை இங்கிலாந்தில்தான் தெளிவாகத் தெரிகிறது. 1649இல் மன்னர் முதலாம் சார்லஸ் தலை வெட்டப்பட்டது. முடியாட்சி ஒழிந்தது, குடியரசு வந்தது, கிராம்வெல் ஆண்டார். அவர் இறந்தபின் குழப்பம். 1660இல் வெட்டுண்ட மன்னரின் மகன் இரண்டாம் சார்லஸ் அரியணை ஏறினார். இதில் எதை ரெவல்யூஷன் என்பீர்கள்? மன்னரைக் கொன்றதைத்தானே! அன்று எழுதியவர்கள் அப்படிப் பார்க்கவில்லை. இரண்டாம் சார்லஸின் அமைச்சராக இருந்த கிளாரெண்டன் உள்நாட்டுப் போரைப் பற்றிய தன் பெரிய நூலுக்கு வைத்த பெயரில் ‘கலகம்’தான் இருக்கிறது. தத்துவ அறிஞர் தாமஸ் ஹாப்ஸோ தன் ‘பெஹிமத்’ நூலில், அதிகாரம் தந்தையிடமிருந்து பல கைகள் மாறி, ஒரு வட்டம் போட்டு, மகனிடமே வந்துசேர்ந்தது என்று கணக்குப் பார்க்கிறார். அந்த வட்டத்தைத்தான் அவர் ரெவல்யூஷன் என்கிறார். அதாவது, மன்னராட்சி திரும்பி வந்ததால்தான் அது ரெவல்யூஷன். கோள் தன் இடத்துக்கு வந்துவிட்டது, அவ்வளவுதான்.

1688இல் நடந்ததும் இப்படியே. இரண்டாம் ஜேம்ஸ் நாட்டைவிட்டு ஓடினார். அவர் மகள் மேரியும் மருமகன் வில்லியமும் ஆட்சிக்கு வந்தனர். பாடநூல்களில் இதை ‘மாண்புமிகு புரட்சி’ என்று படிக்கிறோம். ஆனால் 1689ஆம் ஆண்டின் உரிமைச் சட்டத்தைப் பாருங்களேன். புதிதாக உரிமை கேட்கிறோம் என்று அது சொல்லவில்லை. பண்டைக் காலத்திலிருந்தே எங்களுக்கு இருந்த உரிமைகளை மன்னர் மீறிவிட்டார், அவற்றை உறுதிப்படுத்துகிறோம் என்கிறது. தேர்வில் ‘1688இன் முக்கியத்துவம் என்ன?’ என்று கேட்டால் நாடாளுமன்றத்தின் அதிகாரம் உயர்ந்ததை எழுதுவீர்கள். சரிதான். அதோடு, செய்தவர்கள் தாங்கள் பழையதை மீட்டதாகச் சொல்லிக்கொண்டார்கள் என்ற ஒரு வரியையும் சேர்த்தால் விடைக்கு எடை கூடும்.

பிரான்சில்தான் சொல் தலைகீழானது. 1789 ஜூலை 14, பாஸ்டில் கோட்டை வீழ்ந்தது. செய்தி கேட்ட பதினாறாம் லூயி, ‘இது கலகமா?’ என்று கேட்டதாகவும், ‘இல்லை அரசே, இது ரெவல்யூஷன்’ என்று ஒரு பிரபு பதில் சொன்னதாகவும் ஒரு கதை உண்டு. கதை எவ்வளவு உண்மையோ! ஆனால் அதில் ஒரு நுட்பம் இருக்கிறது. கலகத்தைப் படை அனுப்பி அடக்கலாம். கோளின் சுற்றை எந்த மன்னரால் நிறுத்த முடியும்? தடுக்க முடியாதது என்ற கருத்து வானியலிலிருந்து அப்படியே வந்துவிட்டது. திரும்பி வருதல் என்ற கருத்துதான் உதிர்ந்துபோனது. பிரெஞ்சுக்காரர்கள் நாட்காட்டியையே மாற்றி, 1792 செப்டம்பர் 22ஐ முதல் ஆண்டின் முதல் நாளாக வைத்தார்கள். பழையதுக்குத் திரும்புகிறவர்கள் இதைச் செய்வார்களா? (ஆனாலும் 1814இல் அதே பூர்போன் வம்சத்து மன்னர் ஒருவர் மறுபடி அரியணையில் உட்கார்ந்தார். ஹாப்ஸ் இருந்திருந்தால் சிரித்திருப்பார்.)

தொழிற்புரட்சியில் இரண்டு பொருளும் கைகோத்து நிற்கின்றன. நியூகோமன் 1712இல் அமைத்த நீராவி இயந்திரம் மேலும் கீழும்தான் அசையும். சுரங்கத்து நீரை இறைக்க அது போதும். ஆலைச் சக்கரத்துக்கோ சுழற்சி வேண்டும். 1781இல் ஜேம்ஸ் வாட் காப்புரிமை பெற்ற பற்சக்கர அமைப்பு, மேல்கீழ் அசைவைச் சுழற்சியாக மாற்றியது. ஒரு சக்கரம் நடுவில், மற்றொன்று அதைச் சுற்றி வரும். அதன் பெயரே ‘சூரியனும் கோளும்’. இதன்பின் ஆலைகள் ஆற்றங்கரையை நம்பியிருக்க வேண்டிய கட்டாயம் குறைந்தது. ‘தொழிற்புரட்சி’ என்ற பெயரை ஆங்கிலத்தில் பரவலாக்கியவை ஆர்னால்ட் டாயின்பியின் சொற்பொழிவுகள். அவர் மறைந்தபின் 1884இல் நூலாக வந்தன.

சரி, நம் சொல்லுக்கு வருவோம். திரள் என்பது திரட்சி ஆவதுபோல, வறள் என்பது வறட்சி ஆவதுபோல, புரள் என்பதிலிருந்து பிறந்தது புரட்சி. புரள்வதும் ஒரு திரும்பும் அசைவுதான். ஆனால் சுழல்வது வேறு, புரள்வது வேறு. தோசைக்கல்லில் புரோட்டாவைப் புரட்டிப் போடும்போது அடிப்பக்கம் மேலே வருகிறது. கீழே இருந்தது மேலே வருவது, மேலே இருந்தது கீழே போவது: 1789க்குப் பிந்திய பொருளுக்கு இது கச்சிதமாகப் பொருந்துகிறது. திரும்பி வருதல் என்ற சுமை இந்தச் சொல்லுக்கு இல்லை. அந்தப் பழைய பொருளுக்கும் நம்மிடம் அதே அச்சில் வார்த்த சொல் ஒன்று உண்டு: மீள், மீட்சி. 1660ஐத் தமிழில் எழுதும்போது ‘முடியாட்சி மீட்சி’ என்று எழுதுங்கள், புரட்சி வேண்டாம். பாரதியார் ‘புதிய ருஷ்யா’வில் புரட்சியை யுகம் என்பதோடு சேர்த்து ‘யுகப்புரட்சி’ என்கிறார். யுகமோ சுற்றிச் சுற்றி வருகிற கணக்கு!

ஆங்கிலத்தில் இதற்கு இனமான சொற்களையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். ‘ரொட்டேஷன்’, சக்கரத்தைக் குறிக்கும் ‘ரோட்டா’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. தன் அச்சில் சுழல்வது. ‘ஸ்பின்’ முதலில் நூல் நூற்பதைக் குறித்து, பிறகு வேகமாகச் சுழல்வதற்கு வந்தது. ‘டர்ன்’ கடைசல் வேலையிலிருந்து வந்தது. பூமி சுழல்கிறது, அதனால் பகலும் இரவும். பூமி சூரியனைச் சுற்றுகிறது, அதனால் ஆண்டு.

வகுப்பில் செய்து பார்க்க ஒரு பயிற்சி: கோபர்னிக்கஸின் தலைப்பு, 1660, 1688, 1789, விசிறியின் வேகம் ஆகிய ஐந்துக்கும் ரெவல்யூஷன் என்ற சொல் வரும் ஐந்து ஆங்கில வாக்கியங்களை எழுதிக் கொடுங்கள். சுற்று, சுழற்சி, மீட்சி, புரட்சி ஆகிய நான்கில் எது எங்கே பொருந்தும் என்று மாணவர்கள் காரணத்தோடு எழுதட்டும். 1688இல் கட்டாயம் சண்டை வரும். வரட்டும், விடுங்கள்.