தரங்கம்பாடியிலிருந்து மன்னார்வரை சிலந்தி தேடியவர்கள்

மீன்பிடித் துறையான ஜெகதாப்பட்டினத்தைப் புதுக்கோட்டைக் கடற்கரை என்று சொல்வது அண்மைக்காலப் பழக்கம். தொண்டைமான் மன்னர்களின் புதுக்கோட்டைச் சமஸ்தானத்துக்குக் கடலே கிடையாது. 1974 ஜனவரி 14 அன்று புதுக்கோட்டை மாவட்டம் உருவானபோதுதான், அதுவரை தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்த அறந்தாங்கிப் பகுதியோடு மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் என்ற இந்தக் கரையும் வந்து சேர்ந்தது. பழைய ஆவணங்களுக்கு இது தஞ்சாவூர்க் கரை. ஆகவே இங்குள்ள உயிரினங்களை, அதிலும் யாரும் பொருட்படுத்தாத சிலந்திகளை, அறிவியல் எப்போது பார்க்கத் தொடங்கியது என்று தேடுகிறவர் அதே பழைய மாவட்டத்தின் இன்னொரு துறைக்குத்தான் போக வேண்டும். அது தரங்கம்பாடி.

டேனிஷ்காரர்களின் ஊராக இருந்த தரங்கம்பாடியில் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாதிரியார்களும் படை அதிகாரிகளும் செடி, சிப்பி, மீன், பூச்சி என்று கிடைத்ததையெல்லாம் சேகரித்து ஐரோப்பாவுக்குக் கப்பலேற்றினார்கள். கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான் என்ற பாதிரியார் அனுப்பிய மீன்களை பெர்லினில் இருந்த மார்க்கஸ் பிளாக் ஆராய்ந்தார். ஜெகதாப்பட்டினத்து ஏலக்கூடத்தில் கூடை கூடையாக இறங்கும் கத்தாளை மீன்களில் ஒரு பேரினத்துக்கு அந்தப் பாதிரியாரின் பெயரால் ‘ஜோனியஸ்’ என்று பெயர் வைத்தவர் அவர்தான். அதே ஊரில் இருந்த டால்டார்ஃப் என்ற அதிகாரி, பனையேறிக் கெண்டை ஒன்று பனைமரத்தில் ஏறியதை 1791இல் கண்ணால் பார்த்ததாக எழுதினார். லண்டன் லின்னியன் சங்கம் 1797இல் அதை வெளியிட்டது. டால்டார்ஃப் சேகரித்த பூச்சிகள் லின்னேயஸின் மாணவரான ஃபெப்ரீசியஸிடம் போயின.

ஃபெப்ரீசியஸ் 1798இல் வெளியிட்ட நூலில் இந்தியச் சிலந்தி ஒன்றும் இருக்கிறது. இன்று அதன் பெயர் காஸ்டெரகாந்தா ஜெமினேட்டா. தமிழ்நாட்டில் வேலியோரம் நடந்து பழகியவர்கள் அதைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. கடினமான ஓடு போன்ற வயிறு, அதைச் சுற்றி ஆறு முட்கள், மேலே வெளிர் பட்டைகள். வலையின் நூலில் ஆங்காங்கே சின்னச் சின்ன வெண்திட்டுகளை வைத்திருக்கும். பறவைகள் வலையில் மோதாமல் இருக்கத்தான் அவை என்று ஒரு கருத்து உண்டு.

சிலந்தி ஆய்வுக்கு உயிரியலில் ஒரு தனி மரியாதையும் இருக்கிறது. விலங்குகளின் அறிவியல் பெயர்களுக்குக் கணக்குத் தொடங்குவது லின்னேயஸின் 1758ஆம் ஆண்டு நூலிலிருந்து. சிலந்திகளுக்கு மட்டும் விதிவிலக்கு. ஸ்வீடனைச் சேர்ந்த கார்ல் கிளெர்க் 1757இலேயே சிலந்திகளுக்குப் பெயர் சூட்டி ஒரு நூல் வெளியிட்டிருந்ததால், அந்தப் பெயர்களை உலகம் அப்படியே ஏற்றுக்கொண்டது.

அதன் பிறகு நீண்ட காலம் நடந்ததெல்லாம் சேகரிப்பும் பெயர் சூட்டலும். இலங்கையில் பயணம் செய்த சரசின் உறவினர்கள் கொண்டுபோன சிலந்திகளை பெர்லினில் ஃபெர்டினாண்ட் கார்ஷ் 1892இல் விவரித்தார். மொரிஸ் மைந்த்ரோன் தென்னிந்தியாவில் திரட்டியவற்றைப் பற்றி பாரிஸின் எய்ஜென் சிமோன் 1906இல் எழுதினார். நடுவே 1900இல் லண்டனிலிருந்து ரெஜினால்ட் போகாக்கின் நூல், பிரிட்டிஷ் இந்தியாவின் விலங்குகளைப் பற்றிய வரிசையில் சிலந்திகளுக்கும் தேள்களுக்கும் உரிய தொகுதியாக, வெளிவந்தது. பெரிய உழைப்பு அது. இந்தியச் சிலந்திகளைப் பற்றி எழுதும் எவரும் இன்றும் அதைத் திறக்காமல் இருக்க முடியாது. ஆனால் சாராயத்தில் ஊறிய சிலந்தி நிறம் இழந்துவிடும். அதன் வலை புட்டிக்குள் வருவதில்லை. அது எப்போது வேட்டையாடும், குஞ்சுகளை எப்படி வளர்க்கும், பக்கத்துச் சிலந்தியை என்ன செய்யும் என்பதெல்லாம் அது பிடிபட்ட முள்மரத்திலேயே தங்கிவிட்டன.

அந்த முள்மரத்தின் முன்னால் பொறுமையாக நின்று பார்த்தவர் ஒருவர் உண்டு. பெயர் என்.எஸ். ஜம்புநாதன். கூட்டமாக வாழும் சிலந்தி ஒன்றின் பழக்கங்களையும் வாழ்க்கை வரலாற்றையும் பற்றி அவர் எழுதிய கட்டுரை, 1905இல் வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் பல்பொருள் தொகுப்பு 47ஆம் தொகுதியில் அச்சானது. அந்தச் சிலந்தி ஸ்டெகோடைஃபஸ் சரசினோரம், அதாவது கார்ஷ் 1892இல் பெயரிட்ட அதே இனம். ஐரோப்பிய அருங்காட்சியகங்கள் பெயர்ப்பட்டியலை நீட்டிக்கொண்டிருந்த காலத்தில் இந்தியர் ஒருவர் உயிருள்ள சிலந்தியின் நடத்தையை எழுதியிருக்கிறார் என்பது நம் அறிவியல் பாடநூல்களில் இடம்பெற வேண்டிய செய்தி. அது அங்கே இல்லாதது வருத்தம் தருகிறது.

அவர் தேர்ந்துகொண்ட உயிரும் சாதாரணமானதல்ல. சிலந்திகளில் மிகப் பெரும்பாலானவை தனியன்கள். இன்னொரு சிலந்தியைக் கண்டால் விலகும், இல்லையேல் தின்னும். உலகில் இதுவரை பெயரிடப்பட்ட சிலந்தி இனங்கள் 2022இல் 50,000ஐத் தாண்டின. அவற்றில் வாழ்நாள் முழுதும் கூடி வாழ்பவை இருபதை ஒட்டிய எண்ணிக்கைதான். சரசினோரம் அந்தச் சிறு கூட்டத்தில் ஒன்று. தென்னிந்தியாவின் வறண்ட முள்காடுகளில் உடை, கருவேல், சப்பாத்திக்கள்ளி ஆகியவற்றின் கிளைகளில் காய்ந்த இலை, சுள்ளி, தின்று மீந்த பூச்சிகளின் கூடு எல்லாவற்றையும் நூலால் பிணைத்து ஓர் அடர்ந்த கூடு கட்டும். அதிலிருந்து நாலா பக்கமும் வலைத்தாள் விரியும். அந்த நூலில் பசை கிடையாது. பின்னங்காலில் இருக்கும் சீப்பு போன்ற முடிவரிசையால் கோதிக்கோதி எடுப்பதால், அடித்த பஞ்சைப் போல நுண்ணிழைகள் பொங்கி நிற்கும். பூச்சியின் காலும் இறகும் அதில் சிக்கிக்கொள்ளும்.

ஒரு வெட்டுக்கிளி விழுந்தால் பல சிலந்திகள் சேர்ந்து வரும், சேர்ந்து இழுக்கும், சேர்ந்து உண்ணும். கூட்டில் பெண்களே மிகுதி. ஆண்கள் மிகச் சிலர். தாய் தான் உண்டதைக் கக்கிக் குஞ்சுகளுக்கு ஊட்டும். கடைசியில் குஞ்சுகள் தாயையே தின்றுவிடும். இதைவிட வியப்பானது, தாம் முட்டையிடாத பெண்களும் பிறர் குஞ்சுகளுக்கு ஊட்டி, அதே முடிவை ஏற்பது. தலைமுறை தலைமுறையாக ஒரே கூட்டுக்குள் இணை சேர்வதால் உறுப்பினர்கள் எல்லோரும் நெருங்கிய உறவினர்கள். தனியனாக வாழும் மரபில் வந்த ஓர் உயிர் எப்படி இந்த வாழ்க்கைக்கு வந்தது என்ற கேள்விக்காகவே, டென்மார்க்கின் ஆர்ஹூஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய குப்பத்தில் இந்தச் சிலந்தியை ஆராய்ந்தார்கள். அதற்கு முன் 1973இல் கேரளத்தின் ஜாக்சனும் ஜோசஃபும் இதன் வாழ்க்கை வரலாற்றை விரிவாக எழுதியிருந்தார்கள். ஜம்புநாதன் தொடங்கிவைத்த வேலை எழுபது, நூறு ஆண்டு கழித்தும் தொடர்ந்திருக்கிறது.

சிலந்தியின் செயலைக் கூர்ந்து கவனிக்கும் பழக்கம் தமிழருக்கு அன்னியமானது அல்ல. திருவானைக்காவில் இலிங்கத்தின்மேல் சருகு விழாமல் சிலந்தி வலை பின்னியது, யானை அதைக் கலைத்தது, சிலந்தி மறுபடியும் பின்னியது என்ற தலவரலாறு, கலைந்த வலையை அலுக்காமல் திரும்பப் பின்னும் அதன் இயல்பைப் பார்த்தவர்களின் கதை. அந்தச் சிலந்திதான் அடுத்த பிறவியில் கோச்செங்கட்சோழனாகி, யானை ஏற முடியாத மாடக்கோயில்களைக் கட்டியது.

ஜம்புநாதனுக்குப் பிறகு, சென்னையில் 1919இலிருந்து ஷெரிஃப்ஸ் என்பவர் தென்னிந்தியச் சிலந்திகளைப் பற்றித் தொடர் கட்டுரைகள் எழுதினார். ஆனால் இந்தக் கரைக்கு நெருக்கமான பெயர் ஃபிரெடெரிக் ஹென்றி கிரேவ்லி. கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் பணியாற்றிவிட்டு வந்து 1920 முதல் 1940 வரை சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்தவர். டி.என். ராமச்சந்திரனோடு சேர்ந்து 1932இல் அவர் வெளியிட்ட உலோகத் திருமேனிகளின் பட்டியலைச் சிற்ப ஆய்வாளர்கள் நன்கறிவார்கள். சோழர் செப்புத் திருமேனியின் விரல் நுனியையும் மண்ணுக்குள் வளை தோண்டும் ரோமச் சிலந்தியின் கால் நுனியையும் ஒரே ஆள் ஒரே அக்கறையோடு பார்த்திருக்கிறார்.

பாம்பனுக்குத் தெற்கே, மன்னார் வளைகுடாவில் இருக்கும் சிறு தீவு குருசடை. அதன் கரையோர உயிரினங்களைப் பற்றிச் சென்னை அருங்காட்சியகம் 1927இல் ஒரு பெரிய வெளியீடு கொண்டுவந்தது. பவளம், நண்டு, கடல்வெள்ளரி ஆகியவற்றுக்கு நடுவே அதில் ஒரு சிலந்தியும் இருந்தது. கிரேவ்லி அதற்கு டெசிஸ் இனெர்மிஸ் என்று பெயர் வைத்தார். தண்ணீர் ஏறும்போது மூழ்கி, வற்றும்போது வெளிப்படும் பகுதியில் வாழும் சிலந்தி வகை அது.

கடலில் சிலந்தியா என்று கேட்கத் தோன்றும். ஆழ்கடலில் கிடையாது, அலை எல்லைக்குள் உண்டு. டெசிஸ் பேரினத்துச் சிலந்திகள் பவளப்பாறை இடுக்குகளிலும் காலிச் சிப்பி ஓடுகளிலும் நூலால் நெருக்கமாக அறை நெய்துகொள்ளும். தண்ணீர் மூடும்போது அந்த அறைக்குள் காற்று சிறைப்பட்டு நிற்கும். சிலந்தி அதற்குள் அடங்கியிருக்கும். நீர் வற்றிய இரவில் வெளியே வந்து, நீட்டிய தாடைகளால் சிறு ஓட்டுயிர்களைப் பிடிக்கும். நியூசிலாந்தில் இதன் உறவினமான டெசிஸ் மெரினா, கொந்தளிப்பான காலங்களில் பல நாள் தொடர்ந்து நீருக்கடியில் தாக்குப்பிடிப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். 2017இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக் கரையில் இன்னொரு புதிய டெசிஸ் கிடைத்தபோது, ஏற்றத்தையும் வற்றத்தையும் பற்றிப் பாடியவர் என்பதால் பாடகர் பாப் மார்லியின் பெயரையே அதற்கு வைத்தார்கள். அந்தச் செய்தி உலகப் பத்திரிகைகளில் எல்லாம் வந்தது. நம் வளைகுடாவின் கடற்சிலந்திக்கு அதற்கும் தொண்ணூறு ஆண்டு முன்பே பெயர் இருந்தது.

விடுதலைக்குப் பின் இந்தியச் சிலந்தியியலின் தூணாக நின்றவர் இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் இயக்குநராகவும் இருந்த பி.கே. டிகாதர். 1987இல் அவர் தொகுத்த பட்டியலில் 1,067 இனங்கள். 2005இல் கோயம்புத்தூரிலிருந்து வெளிவந்த ஆய்விதழில் மஞ்சு சிலிவால், சஞ்சய் மோலூர், பிஸ்வாஸ் ஆகியோர் வெளியிட்ட பட்டியலில் அது 1,442 ஆனது.

அதற்கு ஓராண்டு முன்பு, 2004இல், பாக் நீரிணையின் தென்முனையில் ஒரு பெரிய செய்தி. இராமேஸ்வரத்தில் அனுமவிலாசம் கோயிலை ஒட்டிய தோப்பில் கிடைத்த ரோமச் சிலந்தியை ஆண்ட்ரூ ஸ்மித் புதிய இனமாக விவரித்து, அந்தக் கோயிலின் பெயரையே வைத்தார்: பொசிலோதேரியா அனுமவிலாசுமிகா. கால்களை விரித்தால் உள்ளங்கையை மறைக்கும் அளவு. பகலில் மரப்பொந்திலும் பனை, தென்னையின் இடுக்கிலும் ஒடுங்கியிருந்து இரவில் வேட்டைக்கு வரும். பொசிலோதேரியா பேரினம் முழுதும் இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே இருக்கிறது. கடித்தால் தசைப்பிடிப்பு நாள்கணக்கில் வாட்டும் என்பதால் கண்ட இடத்தில் அடித்துக் கொல்கிறார்கள். அழகுக்காக வளர்ப்போர் சந்தைக்கும் இந்தப் பேரினத்துச் சிலந்திகள் கடத்தப்பட்டிருக்கின்றன. போகாக் 1899இல் விவரித்த குத்தி ஊரின் நீலச் சிலந்தி, பொசிலோதேரியா மெட்டாலிகா, வெளிநாட்டுக் கண்ணாடிப் பெட்டிகளில் வளர்வது அப்படித்தான். அனுமவிலாசுமிகாவின் வாழிடமோ ஒரு தீவும் சில தோப்புகளும். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2008இல் அதை அழிவின் விளிம்பில் இருக்கும் இனமாக அறிவித்தது.

பிறகு 2015இல் இலங்கையிலிருந்து ரணில் நாணயக்காரவும் அவர் குழுவினரும் ஒரு பதிவு வெளியிட்டார்கள். அதே சிலந்தி மன்னாரில் இருக்கிறது! கடல்மட்டம் தாழ்ந்திருந்த பனியுகத்தில் இரு கரைகளும் ஒரே நிலமாக இருந்தன. நடந்து கடக்கக்கூடிய நிலம். பாக் நீரிணையில் இந்தியாவும் இலங்கையும் எல்லை போட்டுக்கொண்டது 1974 ஜூனில். அந்தக் கோட்டின் இருபுறமும் ஜெகதாப்பட்டினத்துப் படகுகளுக்கு எத்தனை துயரம் என்பது இந்தக் கரையில் எல்லோருக்கும் தெரியும். சிலந்திக்குப் பாதுகாப்பு கேட்டபோது முன்மொழிந்த நாடுகளில் இலங்கையும் ஒன்று. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் மாநாடு 2019இல் ஜெனீவாவில் கூடி, பொசிலோதேரியா பேரினம் முழுவதையும் இரண்டாம் பட்டியலில் சேர்த்தது. அதன் பின் உரிய அனுமதி இல்லாமல் நாடு விட்டு நாடு விற்க முடியாது.

சந்தையைக் கட்டுப்படுத்தினாலும் மரம் நிற்க வேண்டும். தமிழ்நாட்டின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கை 2021இல் பனையை வெட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்று அறிவித்தது. நுங்கு, பதநீர், கருப்பட்டி என்று பனைக்குச் சொல்லும் காரணங்களோடு அதன் இடுக்கில் வாழும் உயிர்களையும் சேர்க்க வேண்டும். ஜெகதாப்பட்டினத்துக்குத் தெற்கே முத்துக்குடாவில் அலையாத்திக் காடு இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையின் உள்பக்கம் பனையும் புளியும் சீமைக்கருவேலும் நிற்கின்றன. இங்கே சிலந்தி பார்க்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். முள்மரக் கூடுகளுக்கு அந்திநேரம் போதும். அலையாத்தி வேர்களையும் துறைமுகக் கற்களையும் பார்க்க அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி நீர் நன்றாக வற்றும் இரவு, தலையில் கட்டும் விளக்கு, ஒரு நோட்டு. பொந்துக்குள் மட்டும் கையை விடக் கூடாது.