காற்று நாளில் காட்டு வான்கோழி: ஒரு வேட்டை மரபின் வரலாறு

வட அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட காட்டு வான்கோழி மோப்பத்தில் வலுக்குறைந்ததாயினும் பார்வையிலும் செவியிலும் மிகக் கூர்மையானது என்பதால், அதை வேட்டையாடும் மரபு முதன்மையாக ஒலியைச் சார்ந்தே வளர்ந்தது. மான் வேட்டையில் மனித வாடையைச் சுமந்து சென்று வேடனைக் காட்டிக்கொடுக்கும் காற்று, வான்கோழி வேட்டையில் இருதரப்புக் குரல்களையும் கலைத்துவிடுவதன் மூலமே இடையூறு செய்தது.

வசந்தகால இனப்பெருக்கப் பருவத்தில் சேவல், இரவு தங்கிய மரக்கிளையிலிருந்து விடியலில் உரத்துக் குரலெழுப்பும். அக்குரலைக் கேட்டுப் பெடை அதனை நாடிச் செல்வதே இயல்பு. வேடனோ பெடையின் குரலைப் போலி செய்து, இந்த இயல்பைத் தலைகீழாக்கிச் சேவலைத் தன் மறைவிடத்துக்கு வரவழைக்க முயல்வான். இதற்குப் பயன்பட்ட பழைய கருவிகளுள் ஒன்று சிறகெலும்புக் குழல். வான்கோழியின் சிறகெலும்புகளை ஒன்றனுள் ஒன்று செருகிச் செய்யப்படும் இக்குழலில், மூச்சை ஊதாமல் உள்ளிழுத்தே ஓசை எழுப்புவர். சார்ல்ஸ் ஜோர்டன் என்னும் வேட்டைக்காரரின் குறிப்புகளைக் கொண்டு எட்வர்ட் மெக்கில்ஹெனி 1914இல் வெளியிட்ட நூல், இத்தகைய அழைப்புக் கலையை விரிவாகப் பதிவுசெய்த தொடக்ககால நூல்களுள் ஒன்றாகும்.

ஆர்கன்சா மாநிலத்தைச் சேர்ந்த ஹென்றி கிப்சன் 1897இல் காப்புரிமை பெற்ற பெட்டி அழைப்பான், மெல்லிய மரப்பெட்டியின் பக்கச்சுவர் விளிம்பில் சுண்ணக்கட்டி பூசிய மூடியை உரசி ஒலியெழுப்பும் அமைப்புடையது. அதன் உரத்த ஓசை இலைகளின் சலசலப்பையும் மீறிச் செல்லவல்லது என்பதால், காற்று நாள்களில் வேட்டைக்காரர்கள் அதையே பெரிதும் நம்பினர். பின்னர் பரவிய வாய்ச்சவ்வுக் கருவி, அண்ணத்தில் பொருத்திய மெல்லிய ரப்பர்ச் சவ்வை மூச்சால் அதிரச் செய்வதாகையால், கைகளை அசைக்காமலே அழைக்க வழிசெய்தது.

எனினும் ஓசையை உரக்கச் செய்வதால் மட்டும் இடர் தீரவில்லை. நிலத்தருகே மெதுவாகவும் மேலே விரைவாகவும் வீசும் காற்று, தனக்கு எதிராகச் செல்லும் ஒலியை மேல்நோக்கி வளைத்துவிடுவதால், குறிப்பிட்ட தொலைவுக்கு அப்பால் அவ்வொலி கேட்காத பகுதி உருவாகிறது. காற்றோடு செல்லும் ஒலியோ தரைநோக்கி வளைந்து நெடுந்தொலைவு எட்டுகிறது. 19ஆம் நூற்றாண்டில் ஸ்டோக்ஸ், ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் ஆகியோர் விளக்கிய இவ்விதியின்படி, காற்று வரும் பக்கத்தில் அமர்ந்தவனின் அழைப்பு சேவலை அடைந்தாலும், அதன் மறுமொழி அவனை அடையாமல் போகலாம். ஆகவே பறவை ஓசையின்றி நெருங்கிவரக்கூடும் என்று கருதி, நீண்ட நேரம் அசையாமல் காத்திருப்பது இவ்வேட்டையின் ஒழுங்காயிற்று.

பறவையின் நடத்தையும் காற்றுக்கேற்ப மாறுகிறது. மரங்களெல்லாம் ஆடும்போது பகைவிலங்கின் அசைவைப் பிரித்தறியவும் காலடியோசையைக் கேட்கவும் இயலாது என்பதால், வான்கோழிகள் திறந்த புல்வெளிகளுக்கோ காற்று மறைவான சரிவுகளுக்கோ பள்ளங்களுக்கோ நகர்கின்றன. வசந்தத்தில் பலத்த காற்று வீசும் டெக்சஸ், ஓக்லகோமா, கன்சாஸ் சமவெளிகளில் இவ்வறிவு சிறப்பாகப் பயன்படுகிறது. அதேவேளை, வேடனின் சிற்றோசைகளையும் காற்று மறைத்துவிடுவதால், அது அவனுக்குச் சிறிது துணையும் செய்கிறது.

இம்மரபு ஒரு கட்டத்தில் அற்றுப்போகும் நிலையை எட்டியது. சந்தைக்கான வேட்டையாலும் காடழிப்பாலும் 1920 வாக்கில், முன்பு வாழ்ந்த 39 மாநிலங்களுள் 18இல் காட்டு வான்கோழி மறைந்துவிட்டது. துப்பாக்கி, தோட்டா ஆகியவற்றின் மீதான வரியைக் காட்டுயிர்ப் பாதுகாப்புக்கு ஒதுக்கிய 1937ஆம் ஆண்டுச் சட்டமும், வெடிவிசையால் பாய்ந்து விரியும் பீரங்கி வலையால் பறவைகளைப் பிடித்து வேறிடங்களில் குடியேற்றும் முறை 1950களில் தொடங்கியதும் நிலைமையை மாற்றின. முன்னர் பண்ணையில் வளர்த்து விடப்பட்ட பறவைகள் காட்டில் நிலைக்காத நிலையில், காட்டிலேயே பிடிக்கப்பட்டவை பெருகின. இன்று அலாஸ்கா நீங்கலான எல்லா மாநிலங்களிலும் இப்பறவை உண்டு. காற்று நாளில் வேட்டையைக் கடினமாக்கும் அதே எச்சரிக்கையுணர்வே, அதன் மீட்சிக்கும் அடிப்படையாக அமைந்தது எனலாம்.