வாக்குச்சாவடிச் சுவரில் ஒட்டிய தாள்: ஒரு விளக்கவுரை

2024 ஏப்ரல் 19 காலை. சங்ககிரியில் ஒரு பள்ளிக்கூடத்து வாக்குச்சாவடி. வரிசை வேப்பமரத்து நிழல் வரைக்கும் நீண்டிருந்தது. வகுப்பறைக்கு வெளியே சுவரில் பெரிய தாள் ஒன்று ஒட்டியிருந்தார்கள். எனக்கு முன்னால் நின்ற பெரியவர் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வேலை பார்ப்பவர். விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டே வந்தவர், ஓர் இடத்தில் நிறுத்தினார். "ஏனுங்க, இவரு கொங்குக் கட்சிக்காரருங்களே. இங்க திமுகன்னு போட்டிருக்குதே?" என்றார். அதற்குள் வரிசை நகர்ந்துவிட்டது. அரைகுறையாக ஏதோ சொல்லிவிட்டு நானும் உள்ளே போய்விட்டேன். அவருக்குச் சொல்ல வேண்டிய முழுப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அந்தத் தாளின் பெயர் படிவம் 7அ. அதில் ஐந்து பத்திகள்: வரிசை எண், வேட்பாளர் பெயர், முகவரி, கட்சித் தொடர்பு, ஒதுக்கப்பட்ட சின்னம். உள்ளே இருக்கும் வாக்குப்பதிவு இயந்திரத்தில் எண், பெயர், படம், சின்னம் மட்டுமே உண்டு. முகவரியும் கட்சியும் கிடையாது. அவை இரண்டும் வாக்காளர் கண்ணில் படுவது இந்தச் சுவரில் மட்டும்தான். அதனால் இதை ஒரு மூலநூலாகவே வைத்துக்கொண்டு சொல் சொல்லாகப் பார்ப்போம்.

"போட்டியிடும் வேட்பாளர்களின் பட்டியல்"

வேட்பு என்றால் விருப்பம். இந்தப் பதவியை நான் விரும்புகிறேன் என்று பத்துப் பேர் அறிய முன்வந்து சொல்பவர் வேட்பாளர். எங்கள் தாத்தா காலத்துப் பத்திரிகைகளில் 'அபேட்சகர்' என்று இருக்கும். பொருள் அதேதான். தமிழ்ச்சொல் வந்த பிறகு அது இன்னும் பளிச்சென்று தெரிகிறது.

'போட்டியிடும்' என்ற அடைமொழியை அலங்காரமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மனு தாக்கல் செய்தவர் எல்லாரும் இந்தப் பட்டியலுக்கு வருவதில்லை. 2024-இல் தமிழ்நாட்டில் மார்ச் 20 முதல் 27 வரை மனு வாங்கினார்கள், 28-ஆம் தேதி பரிசீலித்தார்கள், 30-ஆம் தேதி வரை வாபஸ் வாங்க விட்டார்கள். தள்ளுபடியானவர், விலகியவர், பெரிய கட்சிக்காரருக்கு மாற்றாக மனு போட்டு வைத்தவர் எல்லாரும் கழிந்த பிறகு மிஞ்சியவர்களே 'போட்டியிடும்' வேட்பாளர்கள். அப்படி மிஞ்சியவர்கள் மாநிலம் முழுவதும் 950 பேர். கரூரில் மட்டும் 54 பேர். ஓர் இயந்திரத்தில் 16 வரிதான் அடங்கும். 54 பெயரோடு நோட்டாவையும் சேர்த்தால் 55 வரி. ஒவ்வொரு சாவடியிலும் நான்கு இயந்திரங்களை வரிசையாக அடுக்க வேண்டியிருந்தது.

"16, நாமக்கல் மக்களவைத் தொகுதி"

வெளியூர்க்காரர்கள் இங்கேதான் தடுமாறுவார்கள். சங்ககிரி சேலம் மாவட்டம். பட்டா, சான்றிதழ், கலெக்டர் மனு எல்லாவற்றுக்கும் நாங்கள் சேலத்தைப் பார்க்கிறோம். எம்.பி.க்கு மட்டும் நாமக்கல்லைப் பார்க்க வேண்டும். 2008 மறுவரையறைக்கு முன்னால் சங்ககிரி திருச்செங்கோடு மக்களவைத் தொகுதியில் இருந்தது. அந்தத் தொகுதியே மறுவரையறையில் மறைந்துபோனது. சங்ககிரி, ராசிபுரம், சேந்தமங்கலம், நாமக்கல், பரமத்தி வேலூர், திருச்செங்கோடு என்ற ஆறு சட்டமன்றத் தொகுதிகளைச் சேர்த்து நாமக்கல் தொகுதியை உருவாக்கினார்கள். 2009-இல் அதன் முதல் தேர்தல்.

ஒரு தொகுதி மறைந்தால் அதன் நினைவும் சேர்ந்து மறைகிறது. எடப்பாடி பழனிசாமி 1998-இல் மக்களவைக்குப் போனது எங்கள் பழைய தொகுதியிலிருந்துதான் என்பது இன்றைய இளைஞர்கள் பலருக்குத் தெரியாது. அவர் அன்று தோற்கடித்தது 1996-இல் திமுக சார்பில் வென்றிருந்த கே.பி. ராமலிங்கத்தை. அதே ராமலிங்கம் 2024 பட்டியலில் பாஜக வேட்பாளராக நின்றார். பெயர் அதே பெயர்தான், நான்காம் பத்தியில் இருந்த கட்சி வேறு.

"வரிசை எண்", "வேட்பாளர் பெயர்"

வரிசை எண்ணைக் கட்சிகளின் பலம் பார்த்துப் போடுவதில்லை. பட்டியலை மூன்று பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்குள்ளும் அகரவரிசை பார்க்கிறார்கள். முதல் பகுதி, அங்கீகரிக்கப்பட்ட தேசிய, மாநிலக் கட்சிகள். இரண்டாவது, பதிவு பெற்றும் அங்கீகாரம் பெறாத கட்சிகள். மூன்றாவது, ஏனையோர். தமிழ் அகரவரிசையில் தகரம் மகரத்துக்கு முன். ஆகவே அதிமுகவின் தமிழ்மணி மேலே, பெரியவர் கேட்ட மாதேஸ்வரன் கீழே, ராமலிங்கம் அதற்கும் கீழே. நாம் தமிழர் கட்சியின் கனிமொழி ககரத்தில் தொடங்குபவர், அகரவரிசைப்படி இவர்கள் மூவருக்கும் முந்தியவர். ஆனால் அவருடைய கட்சிக்கு அப்போது அங்கீகாரம் இல்லை. அதனால் இரண்டாம் பகுதிக்குப் போய்விட்டார். ஒரு கட்சிக்கு அங்கீகாரம் இருக்கிறதா இல்லையா என்பது தாளில் எந்த உயரத்தில் பெயர் இருக்கும் என்பதைக்கூடத் தீர்மானிக்கிறது.

ஒரே பெயரில் இருவர் நின்றால் தொழிலையோ ஊரையோ சேர்த்து வேறுபடுத்திக் காட்ட வேண்டும் என்று விதி இருக்கிறது. 2024-இல் ராமநாதபுரத்தில் சுயேச்சையாக நின்ற ஓ. பன்னீர்செல்வத்தோடு, ஓ என்ற முதலெழுத்தும் பன்னீர்செல்வம் என்ற பெயரும் கொண்ட வேறு சிலரும் நின்றார்கள். வாக்காளரைக் குழப்பி நாலு ஓட்டைச் சிதறடிப்பதைத் தவிர இதற்கு வேறு நோக்கம் இருக்க முடியாது. 2015 முதல் இயந்திரத்தில் வேட்பாளர் படத்தை அச்சிடுவது இந்தக் குழப்பத்தைத் தடுக்கத்தான். எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படும் எங்கள் பக்கத்து மூதாட்டிகளுக்கு அந்தப் படம் பெரிய துணை.

"முகவரி"

மக்களவைக்கு நிற்பவர் இந்தியாவின் ஏதாவது ஒரு மக்களவைத் தொகுதியில் வாக்காளராக இருந்தால் போதும். வயது 25 நிரம்பியிருக்க வேண்டும். உள்ளூர்க்காரராக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பழைய திருச்செங்கோடு தொகுதியே இரண்டு வகைக்கும் உதாரணம். 1957-இல் வென்ற டாக்டர் ப. சுப்பராயன் பக்கத்துக் குமாரமங்கலத்து ஜமீன், 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தவர். 1967-இல் வென்ற பேராசிரியர் க. அன்பழகன் திருவாரூர்ப் பக்கத்துக்காரர். இரண்டு பேரையுமே மக்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

ஆனாலும் முகவரியைப் படியுங்கள் என்பேன். வெளியூர்க்காரர் என்று ஒதுக்குவதற்காகச் சொல்லவில்லை. ஜெயித்த பிறகு எங்கே போய்ப் பார்ப்பது என்பதற்கு அந்தத் தாள் தரும் ஒரே தடயம் அது. லாரித் தொழிலில் இருக்கிறவர்களுக்கு டோல்கேட், டீசல் விலை, பர்மிட் எல்லாமே டெல்லி சம்பந்தப்பட்டவை. அவர்கள் எம்.பி.யைத் தேடிப் போக வேண்டிய நாள் கட்டாயம் வரும்.

"கட்சித் தொடர்பு"

பெரியவரின் விரல் நின்ற இடத்துக்கு வந்துவிட்டோம்.

நாமக்கல்லில் 2019-இல் வென்ற ஏ.கே.பி. சின்ராஜும் 2024-இல் வென்ற வி.எஸ். மாதேஸ்வரனும் கொங்குநாடு மக்கள் தேசியக் கட்சியைச் சேர்ந்தவர்கள். சுவரொட்டி, மேடை, மைக் செட்டு கட்டிய ஆட்டோ எல்லாம் அப்படித்தான் சொல்லின. 2024-இல் முதலில் அறிவித்த வேட்பாளரை மாற்றி மாதேஸ்வரனை நிறுத்தியதும் அந்தக் கட்சிதான். ஆனால் இருவரும் நின்றது உதயசூரியன் சின்னத்தில். தாளில் இருந்ததும் திராவிட முன்னேற்றக் கழகம் என்ற பெயர்.

இதில் அச்சுப்பிழை எதுவும் இல்லை. ஒரு கட்சிக்கு ஒதுக்கப்பட்ட சின்னத்தில் ஒருவர் நிற்க வேண்டுமானால், 1968-ஆம் ஆண்டுத் தேர்தல் சின்னங்கள் ஆணைப்படி, அவர் அந்தக் கட்சியின் உறுப்பினராக இருக்க வேண்டும். அவர் பெயர் அதன் உறுப்பினர் பட்டியலில் இருக்க வேண்டும். இவர் எங்கள் வேட்பாளர் என்று கட்சித் தலைமை ஏ படிவம், பி படிவம் இரண்டிலும் கையெழுத்துப் போட்டு, மனு தாக்கலின் கடைசி நாள் பிற்பகல் மூன்று மணிக்குள் சேர்க்க வேண்டும். இவ்வளவும் நடந்த பிறகு சட்டத்தின் கண்ணில் அவர் திமுக வேட்பாளர்தான். ஜெயித்து உள்ளே போனாலும் அப்படித்தான். 1985-இல் அரசியல் சட்டத்தில் சேர்ந்த பத்தாவது அட்டவணை, எந்தக் கட்சி ஒருவரை வேட்பாளராக நிறுத்தியதோ அந்தக் கட்சியைச் சேர்ந்தவராகவே அவரைக் கருதுகிறது. கொறடா உத்தரவும் அந்தக் கட்சியிலிருந்தே வரும். அதை மீறினால் பதவி போகலாம்.

சிறு கட்சிகள் ஏன் இதற்கு ஒத்துக்கொள்கின்றன? அங்கீகாரம் இல்லாத கட்சிக்கு நிலையான சின்னம் கிடையாது. ஒவ்வொரு தேர்தலுக்கும் விண்ணப்பித்து வாங்க வேண்டும், முந்தியவருக்கே முதலிடம். நாம் தமிழர் கட்சி அதற்கு முன் நின்ற கரும்பு விவசாயி சின்னம் 2024-இல் வேறொரு கட்சிக்குப் போய்விட்டது. அவர்கள் ஒலிவாங்கிச் சின்னத்தை வாங்கிக்கொண்டு, பதினைந்து இருபது நாளில் ஊர் ஊராகப் புதிதாக அறிமுகம் செய்ய வேண்டி வந்தது. அந்தப் பாடு உதயசூரியனுக்கும் இரட்டை இலைக்கும் இல்லை. கண்ணை மூடினாலும் நினைவுக்கு வரும் சின்னங்கள் அவை. கூட்டணியில் ஒரே ஒரு சீட்டு வாங்கிய கட்சி அந்தச் சின்னத்தின் வலுவை வேண்டாம் என்று சொல்வது கஷ்டம்.

அவர்களுடைய கணக்கு எனக்குப் புரிகிறது. வாக்காளருக்கு நடப்பதுதான் எனக்குச் சம்மதமில்லை. மேடையில் ஒரு கட்சிப் பெயரைக் கேட்டு, சாவடிச் சுவரில் இன்னொன்றைப் படித்து, இயந்திரத்தில் கட்சிப் பெயரே இல்லாத பொத்தானை அழுத்துகிறார். மாதேஸ்வரனுக்கும் தமிழ்மணிக்கும் இடையே 29,112 வாக்குதான் வித்தியாசம். 2019-இல் இதே தொகுதியில் வித்தியாசம் 2,65,151. போட்டி இவ்வளவு நெருங்கி வந்திருக்கும் தொகுதியில், யாருடைய ஆளை டெல்லிக்கு அனுப்புகிறோம் என்பது கடைசி வாக்காளர் வரை தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். வேட்பாளர் தன் மேடையிலேயே, 'நான் இந்தக் கட்சிக்காரன், சட்டப்படி அந்தக் கட்சி வேட்பாளராக நிற்கிறேன், ஓட்டெடுப்பில் அவர்கள் உத்தரவுக்குக் கட்டுப்பட்டவன்' என்று சொல்லியாக வேண்டும். தேர்தல் ஆணையமும் இயந்திரத்தில் கட்சிப் பெயரைச் சேர்க்க வேண்டும். படத்துக்கு இடம் கண்டுபிடித்தவர்களால் ஒரு பெயருக்கும் இடம் கண்டுபிடிக்க முடியும்.

"ஏனைய வேட்பாளர்கள்"

இந்தத் தலைப்பின் கீழ் வருபவர்கள் சுயேச்சைகள். பலர் இந்தப் பகுதியைப் படிப்பதே இல்லை. ஆனால் இந்தப் பகுதிக்கான சட்டத்தையே மாற்றிய ஒரு சம்பவம் காவிரிக்கு அந்தக் கரையில் நடந்தது. 1996 சட்டமன்றத் தேர்தலில் மொடக்குறிச்சியில் 1,033 பேர் நின்றார்கள். தங்கள் குறையை யாரும் கேட்கவில்லை என்று விவசாயிகள் திரண்டு போய் மனு போட்டார்கள். வாக்குச்சீட்டைப் புத்தகம் போல அச்சடிக்க வேண்டியதாயிற்று, வாக்குப்பதிவே தள்ளிப்போனது. வென்றவர் சுப்புலட்சுமி ஜெகதீசன். 2004-இல் அவரே எங்கள் திருச்செங்கோடு தொகுதியின் எம்.பி.யும் ஆனார். அதே 1996-இல் ஆந்திரத்தின் நல்கொண்டா மக்களவைத் தொகுதியில், குடிதண்ணீரில் கலந்த புளோரைடு நஞ்சுக்கு எதிராக 480 பேர் நின்றார்கள்.

அந்த ஆண்டே சட்டம் திருந்தியது. மக்களவைக்கு 500 ரூபாயாக இருந்த டெபாசிட் 10,000 ஆனது. பிறகு இன்னொரு திருத்தத்தில் 25,000 ஆனது, பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளர்களுக்கு அதில் பாதி. பதிவான செல்லும் வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்காவிட்டால் அந்தப் பணம் திரும்பாது. அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளருக்கு ஒருவர் முன்மொழிந்தால் போதும், மற்றவர்களுக்குப் பத்துப் பேர் வேண்டும். அப்படியும் 2019-இல் தெலங்கானாவின் நிஜாமாபாத்தில் மஞ்சள் விவசாயிகள் கூட்டமாக மனு போட்டு, வேட்பாளர் எண்ணிக்கை 185 ஆனது. ஈரோட்டு மஞ்சள் மண்டியின் ஏற்ற இறக்கம் தெரிந்த நமக்கு அவர்கள் வலி புரியும். பணத்தைக் கூட்டிக் கூட்டத்தைக் குறைக்கலாம். குறையைத் தீர்க்காதவரை கூட்டம் வேறு வழியில் வந்துகொண்டேதான் இருக்கும்.

மேட்டூர்க்காரர் கே. பத்மராஜனைச் சொல்லாமல் இந்தப் பகுதியைக் கடக்க முடியாது. டயர்க் கடைக்காரரான அவர் 1988 முதல் இருநூறுக்கும் மேற்பட்ட தேர்தல்களில் நின்று, எல்லாவற்றிலும் தோற்றவர். 2011-இல் மேட்டூரில் வாங்கிய 6,273 வாக்குகள்தான் அவருடைய உச்சம். சாதாரண ஆளும் நிற்கலாம் என்ற உரிமை ஏட்டில் மட்டும் இல்லை என்பதைச் சொந்தக் காசைச் செலவழித்து நிரூபித்துக்கொண்டிருக்கிறார். எனக்கு அவர்மேல் மரியாதை உண்டு.

தாளில் இல்லாதவை

இயந்திரத்தின் கடைசி வரியில் நோட்டா இருக்கிறது. 2013 செப்டம்பர் 27 உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் வந்தது. அது வேட்பாளர் இல்லை என்பதால் சுவர்ப் பட்டியலில் வராது.

அதைவிட முக்கியமான ஒன்றும் அங்கே இல்லை. ஒவ்வொரு வேட்பாளரும் படிவம் 26-இல் பிரமாணப் பத்திரம் கொடுக்கிறார். நிலுவையில் உள்ள குற்ற வழக்குகள், சொத்து, கடன், ஐந்தாண்டு வருமானம், படிப்பு எல்லாம் அதில் இருக்கும். இதற்கு வழி திறந்தது 2002 மே 2 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. அதை முடக்க நாடாளுமன்றம் கொண்டுவந்த சட்டப் பிரிவையும் 2003 மார்ச்சில் அதே நீதிமன்றம் ரத்து செய்தது. பொய் சொன்னால் ஆறு மாதம் வரை சிறை. அந்தப் பத்திரம் தேர்தல் அலுவலரின் அறிவிப்புப் பலகையிலும் ஆணையத்தின் இணையதளத்திலும் கிடைக்கும். நாமக்கல் சங்ககிரியிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்கு மேல். தறி ஓட்டுகிறவர் ஒரு நாள் கூலியை விட்டு அங்கே போய்ப் படிப்பாரா? ஒவ்வொரு வேட்பாளருக்கும் நாலு வரிச் சுருக்கம் எழுதி, இதே சுவரில், இதே பசையில் ஒட்டுவதற்குப் பெரிய செலவு ஆகாது. ஆணையம் இதைச் செய்ய வேண்டும்.

"இடம், நாள், தேர்தல் நடத்தும் அலுவலர்"

பட்டியல் இந்தக் கையெழுத்தோடு முடிகிறது. இதற்குப் பிறகு யாரும் விலகிக்கொள்வதாகச் சொன்னாலும் பெயர் இயந்திரத்தில் இருக்கும், விழும் ஓட்டையும் எண்ணுவார்கள்.

பட்டறைப் பெரியவரை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. இதைப் படிப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த தேர்தலில் பூத் சிலிப்போடு வரிசையில் நிற்கும்போது, செல்போனை ஐந்து நிமிடம் சட்டைப்பையில் போட்டுவிட்டு அந்தத் தாளுக்கு முன்னால் போய் நில்லுங்கள். மூன்றாவது, நான்காவது பத்திகளை விரல் வைத்துப் படியுங்கள். பக்கத்தில் படிக்கத் தெரியாதவர் யாரும் நின்றால் அவருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.